பை கிடைக்கவில்லை என்று நல்ல வேக்குவம் கிளீனரைத் தூக்கிப் போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டுச் சாதனங்கள் பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையில், பை போடும் பழைய வேக்குவம் கிளீனர் வைத்திருப்பவர்கள் அதைக் கழித்துவிட்டுப் பை இல்லாத புது மாடலுக்கு மாறிவிடலாம், பழசுக்கெல்லாம் இனிமேல் பை கிடைக்காது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். கட்டுரையின் மற்ற பகுதியில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எத்தனை பேர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறார்களோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

ஒரு மாடலைத் தயாரிப்பதை நிறுத்துவதும் அதற்கான பையைத் தயாரிப்பதை நிறுத்துவதும் வேறு வேறு விஷயங்கள். மாடல் போய்ப் பத்துப் பதினைந்து வருடம் ஆன பிறகும் பை சந்தையில் இருக்கலாம், வேறு பெயரில், வேறு கம்பெனியின் பெட்டிக்குள். நாம் கேட்கும் இடத்தில் அதை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். என் மெஷினுக்குப் பை கேட்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தபோது மாடல் நம்பரைக் கேட்டார்கள், கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்கள், "அது நிறுத்தியாச்சு சார், ஸ்டாக் வராது, எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்குங்க" என்று முடித்துவிட்டார்கள். பையின் வகை என்ன, அதில் என்ன எழுத்து அச்சடித்திருக்கிறது, அதன் வாயில் ஒட்டியிருக்கும் அட்டை எப்படி இருக்கும் என்று ஒரு கேள்விகூட வரவில்லை. அதே பை, மாடல் பெயரை விட்டுவிட்டு அட்டையின் அளவை வைத்துத் தேடியதும் கிடைத்தது. இன்றுவரை அதைத்தான் போடுகிறேன்.

இது எப்படிச் சாத்தியம் என்றால், ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பை செய்வது கம்பெனிகளுக்கே கட்டுப்படியாகாது. மேல் மூடியின் நிறமும் வடிவமும் வருடத்துக்கு வருடம் மாறும், உள்ளே பை உட்காரும் இடம் அதே அச்சில் பல வருடம் ஓடும். எலக்ட்ரோலக்ஸும் பிலிப்ஸும் எஸ்-பேக் என்ற ஒரே வகைப் பையைப் பல மாடல்களுக்குப் பொதுவாக வைத்திருக்கின்றன, ஏ.ஈ.ஜி. மெஷின்களுக்கும் அதேதான். ஆகவே பிலிப்ஸ் மெஷின் வைத்திருப்பவர் பிலிப்ஸ் பெட்டி கிடைக்கவில்லை என்று சோர்ந்து போக வேண்டாம், எலக்ட்ரோலக்ஸ் பெட்டியில் இருப்பது பொருந்தலாம். மீலே கம்பெனியில் முன்பு ஜி, என் என்று தனித்தனி எழுத்தில் வந்த பைகளுக்குப் பதிலாக இப்போது ஜி.என். என்ற ஒரே பை வருகிறது. எஃப், ஜே, எம் மூன்றுக்கும் சேர்த்து எஃப்.ஜே.எம். வருகிறது. பழைய பையில் 'என்' என்று மட்டும் பார்த்துவிட்டு 'என்' பை தேடுகிறவருக்கு அது கிடைக்காமலே போகும், பக்கத்திலேயே ஜி.என். இருக்கும். நியூமேட்டிக் கம்பெனியின் ஹென்றி, ஹெட்டி, ஜேம்ஸ் என்ற மாடல்கள் எல்லாம் நிறத்திலும் மேலே வரைந்திருக்கும் முகத்திலும் வேறு வேறாகத் தெரிந்தாலும் போடுவது ஒரே பைதான். இவை போக, சொந்தமாக மெஷின் எதுவும் செய்யாமல் பை மட்டும் செய்து விற்கிற கம்பெனிகளும் இருக்கின்றன. அவர்கள் பெட்டிகளின் பின்பக்கம் எந்த எந்த மாடலுக்குப் பொருந்தும் என்று பொடி எழுத்தில் நீளமாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படிக்கிறவர்களுக்குத்தான் பை கிடைக்கிறது.

தேட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு வேலை. மெஷினைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள், வாட், வோல்ட்டோடு டைப் நம்பரும் இருக்கும். மேலே பெரிதாகப் பளபளவென்று எழுதியிருப்பது விற்பனைப் பெயர், அதை நம்பித் தேடினால் அலைய வேண்டியதுதான், ஏனென்றால் ஒரே மெஷினுக்கு நாட்டுக்கு நாடு வேறு பெயர் வைப்பார்கள், ஒரே பெயரை உள்ளே வேறு வேறாக இருக்கும் மெஷின்களுக்கும் வைப்பார்கள். அப்புறம் மூடியைத் திறந்து பை உட்காரும் இடத்தைப் பாருங்கள். சில மெஷின்களில் பையின் வகை எழுத்து அங்கேயே பிளாஸ்டிக்கில் பொறித்திருக்கும், தூசி படிந்து கண்ணில் படாமல் இருக்கும், துடைத்தால் தெரியும்.

இதைவிட முக்கியம், கடைசிப் பையைக் குப்பையில் போடாதீர்கள். எவ்வளவு நிறைந்திருந்தாலும், கிழிந்திருந்தாலும், அதன் வாயில் ஒட்டியிருக்கும் அட்டையை மட்டுமாவது வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில பைகளில் அது அட்டை, சிலவற்றில் பிளாஸ்டிக் தகடு. பையின் அடையாளமே அந்த அட்டைதான். கீழே தொங்கும் காகிதமோ துணியோ எந்தப் பையிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மெஷினோடு பொருந்துவதும் பொருந்தாததும் அட்டையில் இருக்கிறது.

அட்டையை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். நீளம், அகலம் எல்லாரும் எடுப்பார்கள். ஓட்டையின் விட்டத்தை எடுப்பவர்கள் குறைவு. ஓட்டையின் நடுப்புள்ளி அட்டையின் மேல் விளிம்பிலிருந்தும் பக்க விளிம்பிலிருந்தும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எடுப்பவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் அதுதான் தீர்மானிக்கிறது. நீளமும் அகலமும் அச்சாகப் பொருந்தி, ஓட்டை மட்டும் நாலு மில்லிமீட்டர் கீழே இருந்தால், ஹோஸ் வந்து நுழையும் குழாய் அட்டையில் இடிக்கும், மூடி மூடாது, அழுத்தி மூடினால் அட்டை மடங்கி ஓரத்தில் இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாகத் தூசி பைக்குள் போகாமல் மெஷினில் பை உட்காரும் அறைக்குள் கொட்டும். ஓட்டையைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரப்பர் ஓட்டை குழாயைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும், அப்போதுதான் குழாயை இறுக்கிப் பிடித்துக் காற்று கசியாமல் இருக்கும். அட்டையின் ஓரங்களில் வெட்டியிருக்கும் சின்னப் பள்ளங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தப்பான பையையோ, சரியான பையைத் தலைகீழாகவோ யாரும் செருகிவிடக் கூடாது என்பதற்காக வைத்தவை அவை, பெரும்பாலும் மெஷினுக்குள் அதற்கு எதிரே ஒரு மேடு இருக்கும்.

அட்டையின் தடிமனை மறந்துவிட வேண்டாம். மூன்று மில்லிமீட்டர் அட்டைக்குச் செய்த தவாளிப்பில், அதாவது அட்டை நுழையும் பள்ளத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் அட்டையைச் செருகினால் ஆடும், கசியும். இதற்கு வைத்தியம் சுலபம்: இன்னொரு அட்டையை அதே வடிவத்தில் வெட்டிப் பின்னால் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும். ஓட்டை ஒன்றாக இருந்து அட்டை மட்டும் பெரிதாக இருக்கும் பை கிடைத்தாலும் கவலை இல்லை. பழைய அட்டையை மேலே வைத்து, இரண்டு ஓட்டைகளும் நேராக வரும்படி பிடித்து, பென்சிலால் ஓரம் வரைந்து கத்தரித்துவிடலாம். எல்லா மெஷினுக்கும் பொருந்தும் என்று சொல்லி, தேவையான இடத்தில் வெட்டிக்கொள்ளும்படி பெரிய அட்டையோடு விற்கும் பைகளும் இந்த முறையில் வேலை செய்பவைதான். நேராகச் செருகும் தவாளிப்பு உள்ள மெஷின்களுக்கு அவை நன்றாகவே ஒத்து வருகின்றன. கொக்கி போட்டு மடக்கும் பிடி உள்ள மெஷின்களுக்கு, அதிலும் பை இல்லாவிட்டால் மூடியே மூடாதபடி பாதுகாப்பு வைத்த மெஷின்களுக்கு, அவை சரிப்படுவது சந்தேகம்.

பையின் உடம்பு கொஞ்சம் சின்னதாக இருந்தால் பரவாயில்லை, சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான். பெரிதாக இருந்தால்தான் தொந்தரவு. மெஷினின் பை அறைக்குள் விரிய இடமில்லாமல் மடிந்து கிடக்கும், காற்று போகும் பரப்பு குறைந்துவிடும், மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரில் போய் ஒட்டிக்கொள்ளும், புதுப் பை போட்டும் உறிஞ்சவில்லையே என்று நாம் தவிப்போம்.

பழைய ஸ்டாக் காகிதப் பைகள் எங்காவது ஒரு பெட்டி கிடைத்தால் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வாங்கலாம், ஆனால் முதலில் ஒரு பையை எடுத்து ரப்பர் வளையத்தை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும், காய்ந்து விரிசல் விட்டிருந்தால் அது பிடிக்காது. ஓரத்தில் ஒட்டிய பசையும் வருடக்கணக்கில் விட்டுப்போகும், கையை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். பல வகைகளுக்கு இப்போது வருவது காகிதத்துக்குப் பதிலாகச் செயற்கை இழையில் பல அடுக்காகச் செய்த பைகள். எனக்கு அவைதான் பிடிக்கும். எளிதில் கிழியாது, நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும், நிறைய நிறையக் காகிதப் பை அளவுக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளாது. ஆகவே பழைய மெஷினுக்குச் சரியான அட்டையோடு புது வகைப் பை கிடைத்தால், அது வாங்கிய நாளில் இருந்ததைவிட நன்றாகவே வேலை செய்யும்.

இனி, பை கிடைக்காத எரிச்சலில் பலர் செய்கிற ஒன்றைப் பற்றி. பை இல்லாமலே ஓட்டுகிறார்கள், தூசி பை அறைக்குள்ளேயே விழட்டும், அப்புறம் கொட்டிக்கொள்ளலாம் என்று. தயவுசெய்து வேண்டாம். பை வெறும் குப்பைக்கூடை கிடையாது, அதுதான் மெஷினின் முதல் ஃபில்டர். தூசியோடு வரும் காற்று பையின் சுவர் வழியாகத்தான் வெளியேறுகிறது, பல மெஷின்களில் அந்தக் காற்றுதான் பின்னால் போய் மோட்டாரையே குளிர வைக்கிறது. பை இல்லை என்றால் மோட்டாருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய ஃபில்டர் சில நிமிடத்தில் அடைத்துவிடும், அதையும் தாண்டும் பொடி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷிலும் பேரிங்கிலும் போய்ச் சேரும். பை இல்லாததால் பழுதானது என்று யாரும் பிறகு சொல்ல மாட்டார்கள், பழைய மெஷின், ஆயுள் முடிந்தது என்பார்கள்.

மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் வீட்டில் இது இன்னும் மோசம். கையில் எடுத்துச் செல்லும் வேக்குவம் கிளீனருக்கு 1908-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர் ஒரு துப்புரவுத் தொழிலாளி, ஆஸ்துமா உள்ளவர். கம்பளம் கூட்டும்போது கிளம்பும் தூசியில் இருமி இருமித்தான் அவர் ஒரு மின்விசிறி மோட்டாரையும் துடைப்பக் கட்டையையும் ஒரு தலையணை உறையையும் சேர்த்து அந்த மெஷினைச் செய்தார். அவரிடமிருந்து உரிமையை வாங்கியவர்தான் ஹூவர் கம்பெனிக்குப் பெயர் தந்த வில்லியம் ஹூவர். தூசி மூக்குக்கு வராமல் ஒரு உறைக்குள் போய் அடைய வேண்டும் என்பதற்காகப் பிறந்த சாதனம் இது, அந்த உறையை எடுத்துவிட்டு ஓட்டினால் நுண்தூசி பின்பக்கமாக அறை முழுக்கப் பரவும், கண்ணுக்குத் தெரியாது.

ஒரே பையைத் திரும்பத் திரும்பக் கொட்டிப் பயன்படுத்துவதும் அவ்வளவு நல்லதில்லை என்றாலும், வேறு வழியே இல்லாத நேரத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். வாய் வழியாகக் குடைந்து எடுக்காமல் பையின் அடிப்பக்கத்தை நேராக வெட்டி, வெளியில் போய் முகக்கவசம் போட்டுக்கொண்டு கொட்டி, வெட்டிய ஓரத்தை இரண்டு மூன்று மடிப்பு மடித்து, நீளமான பிளாஸ்டிக் கிளிப்பால் இறுக்கிவிட வேண்டும். அட்டை பிழைத்துவிடும். ஆனால் பையின் சுவரில் ஏறிய நுண்தூசி கொட்டினாலும் போகாது, ஒவ்வொரு முறையும் உறிஞ்சும் பலம் குறைந்துகொண்டே வரும். மோட்டாரின் சத்தம் வழக்கத்தைவிடக் கீச்சென்று ஏறினால், வெளியே வரும் காற்று சூடாக இருந்தால், அந்தப் பையோடு போராடாதீர்கள். துவைத்துப் போடும் ஜிப் வைத்த துணிப் பைகளும் கிடைக்கின்றன, ஆனால் நெசவு பெரிதாக இருப்பதால் பின்னால் நல்ல ஃபில்டர் இருக்கும் மெஷின்களில்தான் அவற்றைப் போட வேண்டும். துவைத்தால் முழுக்க முழுக்கக் காய்ந்த பிறகே போட வேண்டும், ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடித்து வீடெல்லாம் நாறும். சுவர் பூச்சுத் தூள், சாம்பல் போன்ற மாவுப் பொடியை எந்தப் பையிலும் உறிஞ்சாமல் இருப்பது நல்லது, பாதி நிறைவதற்குள் பை அடைத்துவிடும்.

பை இல்லாத மெஷினுக்கு மாறினால் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்தது என்பதுபோல் கட்டுரையில் வருகிறது. 1993-ல் டைசன் கம்பெனியின் டி.சி.01 மாடல் வந்த பிறகுதான் பை இல்லாத மெஷின்கள் வீடுகளில் பரவின, நல்ல கண்டுபிடிப்புதான், நான் மறுக்கவில்லை. பை நிறைய நிறைய உறிஞ்சும் பலம் குறையும் என்பதும் உண்மை. மின்சாரச் சிக்கன லேபிளுக்கான சோதனையைப் பை காலியாக இருக்கும்போது நடத்துவது சரியில்லை என்று டைசன் தொடுத்த வழக்கில் 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த லேபிள் விதியையே ரத்து செய்தது. ஆனால் பை இல்லாத மெஷினிலும் ஃபில்டர் இருக்கிறது, அதன் வடிவமும் பெரும்பாலும் அந்த மாடலுக்கு மட்டுமே உரியது, அந்த மாடலை நிறுத்தினால் ஃபில்டருக்கு இதே அலைச்சல்தான். ஃபில்டருக்கு அட்டையை வெட்டி ஒட்டி வழி பண்ணிக்கொள்ளவும் முடியாது. டப்பாவைத் திறந்து கொட்டும்போது தூசி திரும்ப முகத்தில் அடிப்பது வேறு. அலர்ஜி உள்ள வீட்டுக்குப் பைதான் நல்லது என்பது என் தீர்மானமான எண்ணம், பையின் வாயை மூடி அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம்.

கம்பெனிகள் மீதுதான் எனக்குக் கோபம். மாடலை நிறுத்துவது அவர்கள் உரிமை, வியாபாரம் அப்படித்தான் நடக்கும். மோட்டார் நன்றாக இருக்க, ஹோஸ் நன்றாக இருக்க, ஒரு காகிதப் பையை யாருக்கும் தெரியாமல் மறைத்துவைத்து முழு மெஷினையும் குப்பைக்கு அனுப்புவது, திரி இல்லை என்று குத்துவிளக்கை உடைக்கச் சொல்வது போல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பரிலிருந்து வேக்குவம் கிளீனர் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் ஓட வேண்டும் என்று விதி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது ஒன்பது வருடத்துக்கும் மேல். ஹோஸ் எத்தனை முறை வளைந்தால் தாங்க வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருக்கிறார்கள், 40,000 முறை. அந்த ஒன்பது வருடமும் பை கிடைக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. 2024-ல் அங்கே வந்த பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தின் பொருட்கள் பட்டியலில் வேக்குவம் கிளீனரும் இருக்கிறது என்பது நல்ல செய்தி. ஆனால் பை என்பது பழுது கிடையாது, மாதா மாதம் தீர்கிற பொருள், அதற்கென்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. பையின் வகை எழுத்தை மூடியின் உட்பக்கம் அழியாதபடி பொறிக்கட்டும். ஒரு பையைத் தயாரிப்பதை நிறுத்தும்போது, அதற்குப் பதில் எந்தப் பை பொருந்தும் என்று சொல்லட்டும். எதுவும் பொருந்தாது என்றால் அட்டையின் அளவுப் படத்தை, ஒரே ஒரு பக்கம், எல்லாரும் பார்க்கும்படி வெளியிடட்டும். பை மட்டும் செய்து விற்கும் கம்பெனிகள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள், பிளாஸ்டிக் தகடாக இருந்தால் முப்பரிமாண பிரின்டர் வைத்திருக்கும் ஆர்வலர்களே செய்துவிடுவார்கள், இப்போதே சில மாடல்களுக்குச் செய்துகொண்டும் இருக்கிறார்கள். விற்பவர்களும் பையின் படம் போடும்போது பெட்டியின் முகப்பை மட்டும் போடாமல் அட்டையை ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்துப் போட்டால் வாங்குகிறவர்களுக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இணைப்பிதழில் புது வேக்குவம் கிளீனர் எதைப் பற்றி எழுதினாலும் வாட் எவ்வளவு, சத்தம் எவ்வளவு என்று ஒரு கட்டம் போடுகிறீர்கள் அல்லவா, அதிலேயே இன்னும் இரண்டு வரி சேருங்கள்: இதற்கு எந்த வகைப் பை அல்லது ஃபில்டர் போட வேண்டும், மாடலை நிறுத்திய பிறகு அது எத்தனை வருடம் கிடைக்கும் என்று கம்பெனி எழுத்தில் சொல்கிறதா. பதில் சொல்லாத கம்பெனிக்கு அந்த இடத்தில் 'பதில் இல்லை' என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்